இராமநாதபுரம் கரையிலிருந்து துருவ ஒளி காணப் புறப்படுவோருக்கு

நம் கரையில் குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம் என்றாலே சித்திரை, வைகாசி மாதங்கள்தாம் நினைவுக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கட்டிக் கிடக்கும். பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. துருவங்களை ஒட்டிய இரவு வானில் திரைபோல் ஆடும் துருவ ஒளியைப் பார்க்க விரும்புவோர் முதலில் கைவிட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். நார்வேயின் வடகோடியிலுள்ள டிராம்சோ நகரில், நம் தடைக்காலம் தொடங்கும் அதே நாள்களில் இருட்டு முடிந்துவிடுகிறது. ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு அங்கு நள்ளிரவிலும் வானம் வெளிறியே இருக்கும். மே 20 அளவிலிருந்து ஜூலை 22 அளவு வரை சூரியன் மறைவதே இல்லை. வானில் ஒளி ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுவதைப் போல அதை ஒருவராலும் காண முடியாது. என் உறவினர் ஒருவர் இது தெரியாமல், பயண முகவர் ஒருவரின் சொல்லை நம்பி மே மாதக் கடைசியில் போய்விட்டு, நள்ளிரவுச் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். அதுவும் காணத்தக்க காட்சிதான். ஆனால் அவர் பணம் கட்டியது அதற்காக அன்று.

இந்த ஒளி நம் ஊரிலிருந்தே தெரிய வாய்ப்பு உண்டா என்று கேட்போருக்கும் தொடக்கத்திலேயே விடை சொல்லிவிடலாம். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களைப் புவியின் காந்தப்புலம் தாங்கித் திருப்பி, அவற்றின் ஆற்றலில் ஒரு பகுதியைக் காந்த முனைகளைச் சுற்றிய வளையப் பகுதிகளுக்குள் இறக்குகிறது. அங்கே வேகமாகப் பாயும் எலக்ட்ரான்கள் வளிமண்டல ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் மோதும்போது அவை ஒளிர்கின்றன. நிலத்திலிருந்து 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாகவும், 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பாகவும் ஒளிரும். நைட்ரஜன் நீலமும் ஊதாவும் சேர்க்கும். அந்த வளையம் பொதுவாக, காந்த முனைகளை வைத்துக் கணக்கிடும் காந்தவியல் அட்சரேகையில் 65 முதல் 70 பாகைக்கு அருகே அமைந்திருக்கிறது. நாமோ காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோட்டை ஒட்டி வாழ்கிறோம். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வகம் ஒன்றைத் திருநெல்வேலியில் வைத்திருப்பதே அக்கோடு நம் தென்மாவட்டங்களை ஒட்டிச் செல்வதால்தான். துருவ ஒளிக்கு இதைவிடத் தொலைவான இடம் பூமியில் இருக்க முடியாது. 2024 மே 10, 11 தேதிகளில் இருபது ஆண்டுகளில் காணாத காந்தப்புயல் அடித்தபோது இலடாக்கின் ஹான்லே வானில் சிவப்பொளி தெரிந்தது. 1872 பிப்ரவரி 4 அன்று மும்பையில் கண்டதாகப் பதிவு உண்டு. இவை அரிய விதிவிலக்குகள். பயணச்சீட்டு எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எந்த மாதம், எந்தத் திதி

திட்டமிடுகிறவருடைய கைக்குள் இருப்பவை இரண்டே: இருட்டும் இடமும். சூரியன் எப்போது சீறும் என்பதை மாதக்கணக்கில் முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே இருட்டை முதலில் கணக்கிட்டு, அதன் பிறகு மேகத்தைக் கருதி இடத்தைத் தேர்ந்து, சூரியனை அதன் போக்கில் விட்டுவிடுவதே சரியான வரிசை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வட அட்சரேகைகளில் ஆகஸ்டு மாதக் கடைசியில் இரவு மீண்டும் கருக்கத் தொடங்கி, ஏப்ரல் முதல் வாரம் வரை பயனுள்ள இருட்டு கிடைக்கிறது. இந்த ஏழரை மாதங்களில் நான் தேர்ந்தெடுப்பவை புரட்டாசியும் பங்குனியும். பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் 22, 23, மார்ச் 20, 21 தேதிகள் இவ்விரு மாதங்களில்தான் வருகின்றன. அந்த நாள்களை ஒட்டிப் புவியின் காந்தப்புலமும் சூரியக் காற்றின் காந்தப்புலமும் ஒன்றோடொன்று எளிதில் பின்னிக்கொள்ளும் சாய்வில் அமைவதால், ஒளியை எழுப்பும் காந்தக் குழப்பங்கள் மற்ற மாதங்களைவிடக் கூடுதலாக நிகழ்கின்றன. 1973இல் ரஸ்ஸல், மெக்பெரான் என்னும் இரு அறிவியலாளர்கள் இதற்கான காரணத்தை விளக்கினர். அறிவியல் காரணத்தோடு உலகியல் காரணமும் உண்டு: அந்த மாதங்களில் பகலிலும் ஊர் சுற்றலாம், குளிரும் நடுக்குளிர்கால அளவுக்கு இராது. டிராம்சோவில் நவம்பர் 27 அளவிலிருந்து ஜனவரி 15 அளவு வரை சூரியன் எழுவதே இல்லை. இரவு நீளம் என்று மகிழ்ந்து போகிறவர், மூன்றாம் நாளே பகல் வெளிச்சத்துக்கு ஏங்குவார்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் பங்குனியைச் சொல்வேன். புரட்டாசியில் ஏரிகள் உறைந்திரா, ஒளி நீரில் விழுந்து இரட்டையாகத் தெரியும், குளிரும் தாங்கத்தக்கது. ஆனால் இலையுதிர்கால மேகம் பல இரவுகளைத் தின்றுவிடும். மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் உள்நாட்டுப் பகுதிகளில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருப்பதோடு, பனி மூடிய நிலம் மங்கிய ஒளியையும் திருப்பி அனுப்பி ஊரையே வெளிச்சமாக்கும்.

அடுத்து நிலவு. இருட்டு நாளில் எந்த வலை, நிலாக்காலத்தில் எந்த வலை என்று பிரித்து வைத்திருக்கும் கரைக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் நம் நிலவுக் கணக்கு அங்கே அப்படியே பொருந்துவதில்லை. மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் கூட்டம் நிற்கும் இரவில் நம் தலைக்கு மேல் காயும் முழுநிலவு, டிராம்சோவில் ஓரிரு நாள்கள் அடிவானத்தில் இறங்குவதே இல்லாமல் வானைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மாறாக, புரட்டாசியில் வளர்பிறை அஷ்டமி நிலவு அங்கே எழாது, அல்லது தென் அடிவானத்தை ஒட்டித் தவழ்ந்து மறைந்துவிடும். ஆகையால் மகாளய அமாவாசைக்கு இராமேசுவரத்துக்கு வரும் கூட்டம் கலையும் நாளில் புறப்பட்டு, அமாவாசைக்குப் பின் எட்டு நாள்கள் தங்குபவருக்கு நிலவின் தொல்லை ஏறத்தாழ இல்லை. பங்குனியில் கணக்கு நேர்மாறாகத் திரும்பும்: அப்போது வளர்பிறை நிலவு வானில் உயரமாகவும் நெடுநேரமும் நிற்கும், தேய்பிறை அஷ்டமி நிலவோ தாழ்ந்து கிடக்கும். எனவே பங்குனியில் தேய்பிறை அஷ்டமியிலிருந்து அமாவாசை வரையுள்ள வாரத்தைப் பிடிக்க வேண்டும். தினசரிக் காலண்டரில் இதைக் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். முழுநிலவை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்து, மற்ற பிறைகளுக்காக விடுப்பு நாள்களைக் குலைத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் என் எண்ணம். நல்ல ஒளி அரைநிலவை மீறித் தெரியும், படத்தில் மலைமுகடுகளும் துலங்கும்.

சூரியனின் சீற்றம் கூடிக் குறைவதில் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சி உண்டு. இப்போதைய 25ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. அது உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசாவும் அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகமும் அறிவித்தன. உச்சம் கடந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. இறங்குமுக ஆண்டுகளில் சூரியனின் புறவளிமண்டலத்தில் தோன்றும் திறப்புகளிலிருந்து வேகக் காற்று அடிக்கடி கிளம்பும். வளையத்தின் அடியிலேயே நிற்பவருக்கு அது போதும். பெரும் காந்தப்புயல்களும் இறக்கத்தில் வருவதுண்டு. 2003 அக்டோபர்ப் புயல் அப்படி வந்ததே.

எந்த ஊர்

இடத்தைத் தேர்ந்தெடுக்க நம் கடலே பாடம். வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளித்தால் மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும். தென்காற்றான சோழகம் எழுந்தால் நிலைமை மாறிவிடும். பெண்கடல், ஆண்கடல் என்று இரண்டையும் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருக்கும் பாம்பன்காரருக்கு, ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் போகலாம் என்ற தைரியம் எப்போதும் உண்டு. துருவ ஒளிக்கும் இதே தைரியம் தரும் ஊரில்தான் தங்க வேண்டும்: கடற்காற்று மேகத்தைக் கொண்டுவந்தால் இரண்டு மணி நேரப் பயணத்தில் வேறு வானிலைக்குள் நுழைய முடிகிற ஊர்.

டிராம்சோவின் சிறப்பு அதுதான். வடக்கே 69.6 பாகையில் ஒளிவளையத்தின் நேர் கீழே இருந்தும், கடல்நீரோட்டத்தின் வெம்மையால் ஜனவரியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. அந்த வெம்மைக்கு விலையாக மேகமும் மழைப்பனியும் அடிக்கடி வரும். ஆனால் மலைத்தொடரைக் கடந்து பின்லாந்து எல்லைப் பக்கம் போனால் வானம் வறண்டு தெளிந்திருக்க வாய்ப்பு மிகுதி. உள்ளூர் வழிகாட்டிகள் சிறு வேன்களில் அன்றன்று மேகப் படத்தைப் பார்த்துவிட்டு அந்த எல்லை வரை ஓட்டிச் செல்வது வழக்கம். நகரத்துக்குள்ளேயே ஒரு இடத்தில் நிறுத்தி நெருப்பு மூட்டித் தேநீர் தரும் பயணத்தைவிட, மேகத்தைத் துரத்திச் செல்லும் பயணத்துக்குக் கூடுதலாகக் கட்டணம் கொடுப்பதே மேல். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாத நாம் அங்கே வாடகைக் காரை எடுத்து நாமே ஓட்ட முயல்வது வேண்டாத வேலை.

மேகமே பிடிக்காது என்பவருக்கு சுவீடனின் அபிஸ்கோ. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் தென்மேற்குப் பருவமழை கிட்டாமல் கிடக்கும் நம் மாவட்டத்தைப் போலவே, ஸ்காண்டிநேவிய மலைகளின் மறைவில் கிடக்கிறது அந்தச் சிற்றூர். ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். தோர்னேத்ரெஸ்க் என்னும் நீண்ட ஏரிக்கு மேல் வானம் திறந்திருக்கும் இரவுகள் அக்கம்பக்கத்தைவிட அதிகம். மறுபக்கம், அது மிகச் சிறிய ஊர். விடுதிகள் சிலவே, முன்கூட்டியே நிறைந்துவிடும், பகலில் செய்வதற்கும் பனிநடையைத் தவிர அதிகம் இல்லை. ஒளி ஒன்றே குறி என்பவர் அபிஸ்கோவுக்கும், முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர் டிராம்சோவுக்கும் போகலாம் என்பேன்.

பின்லாந்தில் ரொவானியெமி விளம்பரத்தால் பெயர் பெற்றது. ஆனால் அது வளையத்தின் தென்விளிம்பில், ஆர்க்டிக் வட்டத்தின் மீதே இருக்கிறது. அங்கிருந்து இன்னும் வடக்கே இவாலோ, இனாரி வரை செல்வது பயனுள்ளது. ஐஸ்லாந்தில் நிலவனப்பு இணையற்றது, வானிலையோ நொடிக்கு நொடி மாறுவது. ஒளிக்காக மட்டும் அங்கே போகப் பரிந்துரைக்க மாட்டேன். கனடாவின் யெல்லோநைஃப் 62 பாகையில்தான் இருக்கிறது என்றாலும், வளையம் காந்த முனையைச் சுற்றி அமைவதால் வட அமெரிக்காவில் தெற்கே இறங்கி நிற்கிறது. நடுக்குளிரில் வானம் மிகத் தெளிவு, வெப்பநிலை மைனஸ் 30. இரஷ்யாவின் மூர்மன்ஸ்க் செலவு குறைந்த வழி என்று பலர் போகிறார்கள். போர்க்காலத்தில் விமான நிலையங்கள் திடீரென்று மூடப்படக்கூடும், நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது என்பவற்றை அறிந்தே போக வேண்டும்.

தடைக்காலத்தை விட்டால் எங்களுக்கு நாளே இல்லை என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு, ஆனால் திசை வேறு. வடக்கில் இருட்டு தீரும் அந்த மே, ஜூன் மாதங்களில் தெற்கில் இரவு நீளும். ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாத் தீவிலும், நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள ஸ்டூவர்ட் தீவிலும் தென்துருவ ஒளி தெரிவதுண்டு. வளையத்துக்கு வெளியே தொலைவில் நின்று பார்ப்பதால், பெரும்பாலும் அது தென் அடிவானத்தில் கடலுக்கு மேல் மங்கலான பட்டையாகவே தோன்றும். காந்தக் குழப்பம் வலுத்தால்தான் மேலெழும். வேறு காரணத்துக்காக அங்கே போகிறவர் இதையும் பார்க்கலாம். இதற்காகவே போவது சூதாட்டம்.

எத்தனை இரவு, எந்த முன்னறிவிப்பு

ஓர் இரவில் வானம் திறந்து ஒளியும் தெரிய மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்று இரவு தங்குபவர் ஒரு முறையேனும் காண ஏறத்தாழ 70 விழுக்காடும், ஐந்து இரவு தங்குபவருக்கு ஏறத்தாழ 87 விழுக்காடும் வாய்ப்பு. மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தே நிற்கும் என்பதால் உண்மை நிலை இதைவிடச் சற்றுக் குறைவு. நான்கு இரவுக்குக் குறைந்த திட்டம் எதையும் ஏற்காதீர்கள். ஆறு நாளில் ஐந்து நாடு காட்டிவிட்டு அதில் ஒரு மாலையை ஒளிக்கென ஒதுக்கும் கூட்டுச் சுற்றுலாவில் அது கிடைத்தால் அதிருஷ்டம் என்றே கொள்ள வேண்டும்.

கே.பி. எண் என்று 0 முதல் 9 வரையிலான ஓர் அளவை எல்லாச் செயலிகளும் காட்டும். அது புவி முழுவதற்குமான காந்தக் குழப்பத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்வது. டிராம்சோவிலோ அபிஸ்கோவிலோ நிற்பவருக்கு 2 என்றாலே போதும். 1 என்று காட்டிய இரவிலும் தலைக்கு மேல் பச்சைப் பட்டை ஓடியதுண்டு. ஆகவே அந்த எண் குறைந்துவிட்டதென்று படுக்கைக்குப் போகாதீர்கள், மேகப் படத்தைப் பாருங்கள். காற்று எச்சரிக்கை இருந்தால் கடலுக்குச் செல்ல மீன்வளத் துறை டோக்கன் தராது. எத்தனை மீன் படிந்திருந்தாலும் அன்று கடல் இல்லை. அதுபோல மேகம் மூடினால் எத்தனை பெரிய காந்தப்புயலாயினும் அன்று ஒளி இல்லை. நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து நாடுகளின் அரசு வானிலை நிறுவனங்கள் மேக முன்னறிவிப்பை மணிவாரியாகத் தருகின்றன, அவற்றையே நம்பலாம்.

சூரியனைப் பற்றிய முன்னறிவிப்பில் மூன்று படிகள் உண்டு. சூரியன் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை நமக்கு அதே முகத்தைத் திருப்பிக் காட்டுவதால், 27 நாளுக்கு முன் நல்ல ஒளி தெரிந்த இரவு மீண்டும் நல்ல இரவாகக்கூடும். பயண வாரத்தை இப்படியோ அப்படியோ இரண்டு நாள் நகர்த்தும் வசதி உள்ளவர் இதைப் பயன்படுத்தலாம். சூரியனிலிருந்து பெரும் பிழம்பு கிளம்பினால் அது நம்மை எட்ட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அது இரண்டாவது படி. மூன்றாவது, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனை நோக்கி நிற்கும் விண்கலங்கள் தரும் செய்தி. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் ஆதித்யா எல்1 சுற்றிவருவதும் அந்த இடத்தைத்தான். அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அந்தப் புள்ளியைக் கடக்கும் சூரியக் காற்று அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பூமியை எட்டிவிடும். அக்காற்று சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பிவிட்டதாகச் செயலி காட்டினால், உணவைப் பாதியில் விட்டாவது வெளியே போய்விட வேண்டும்.

தாள்களும் பொதியும்

நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து நான்குக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக இரவு தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தில் வளைகுடா நாடுகளில் குடியிருப்பு உரிமையோடு பணிபுரிபவர்கள் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். வானூர்திப் பயணமும் அங்கிருந்து குறுகும். ஊரில் இருக்கும் குடும்பத்தார் சென்னையில் விண்ணப்பித்து, வழியில் ஒன்றுசேர்வது எளிது.

உணவுக்காக இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துச் செல்வோர் நெய்யையும் பால்கோவாவையும் பையில் வைக்கக் கூடாது. ஐரோப்பாவுக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை உள்ளது. மீன் பொருளுக்கு அந்தக் கடுமை இல்லை, எனவே கருவாடு எல்லை தாண்டிவிடும். விடுதி அறையில் அதை வறுப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மீன் ஒன்றும் அங்கே பஞ்சமில்லை. 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் பலர் வட நார்வேயின் ஃபின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் வேலை செய்து வாழ்ந்தவர்கள். நார்வேயில் தமிழ்க் குரலைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை.

மார்கழி அதிகாலையில்கூடப் போர்வையோடு முடித்துக்கொள்ளும் நமக்கு உடைதான் பெரிய பாடம். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும் என்பதால் உடலை ஒட்டிய உடை கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும். அதன்மேல் தடித்த கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத மேலங்கி. காலணி ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுகிய காலணிக்குள் இரண்டு காலுறை திணித்தால் இரத்தவோட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். குளிர்தாங்கும் முழு உடையை அங்கே பல பயண வழிகாட்டிகள் வாடகையின்றியே தருகிறார்கள், விலைக்கு வாங்கத் தேவையில்லை.

புறப்படும் முன் நம் கரையிலேயே ஒத்திகை

கேமராவை முதன்முதலாக மைனஸ் 15இல் கற்றுக்கொள்ள முயன்றால் இரவு போய்விடும். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையே ஓர் அமாவாசை இரவில், மன்னார் வளைகுடாப் பக்கம் வாலிநோக்கம் அல்லது மூக்கையூர்க் கரையில் தெற்கு நோக்கி நின்றால் கடலுக்கு மேல் விளக்கு குறைவு; வானம் தெளிந்தால் பால்வீதி தெரியும். அரிச்சல்முனை இதற்கு ஏற்ற இடம்தான், ஆனால் மாலைக்குப் பிறகு தனுஷ்கோடிச் சாலையில் இருக்க விடமாட்டார்கள். எந்தக் கரையானாலும் இரவில் முக்காலியோடு நிற்பவர் விசாரிக்கப்படுவார். கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நாகரிகம், நிம்மதியும்கூட.

அங்கே பழக வேண்டியவை இவை. இருட்டில் கண் முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். இடையில் ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. கைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். தானியங்கிக் குவியத்தை அணைத்து, ஒரு பிரகாசமான விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும் வரை கையால் குவித்து, லென்ஸின் குவிய வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, ஒளியை உள்ளே விடும் திறப்பு நேரம் 5 முதல் 15 நொடி என்பது தொடக்க அளவு. ஒளி வேகமாக ஆடினால் திறப்பை 2, 3 நொடியாகக் குறைக்க வேண்டும், இல்லையெனில் திரைமடிப்புகள் எல்லாம் கலங்கிப் பச்சைக் கஞ்சியாகிவிடும். இவற்றைத் தடித்த கையுறையோடு, விளக்கின்றிச் செய்து பாருங்கள். அங்கே இருக்கும்போதே வடக்கே துருவ நட்சத்திரத்தையும் ஒரு முறை தேடுங்கள்: இராமேசுவரத்தில் அடிவானத்துக்கு மேல் 9 பாகையில், பனைமர உயரத்தில் ஒளிந்திருக்கும் அது, டிராம்சோவில் ஏறத்தாழ உச்சியில் நிற்கும்.

அந்த இரவில்

வளையம் உள்ளூர் நேரப்படி இரவு 10 முதல் 2 வரை உச்சத்தில் இருப்பது வழக்கம் என்றாலும், ஏழு மணிக்கே வந்து போன இரவும் உண்டு. முதலில் தெரிவது பச்சையாக இராது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறத்தை உணராததால், வடக்கே அல்லது தலைக்கு மேலே வெண்புகை போன்ற ஒரு பட்டையாகவே அது தோன்றும். மேகமா ஒளியா என்ற ஐயம் எழும். மூன்று நொடிப் படம் ஒன்று எடுத்தால் பச்சை என்றால் ஒளி, சாம்பல் என்றால் மேகம். இணையத்தில் கண்ட படங்களின் நிறத்தை எதிர்பார்த்து நிற்பவர் இந்தக் கட்டத்தில் ஏமாந்து அறைக்குத் திரும்புகிறார், அதுதான் பெரும்பிழை. அமைதியாகக் கிடக்கும் பட்டை ஓர் அரை மணி, ஒரு மணி கழித்துத் திடீரென்று பிரகாசித்து, கீழ்விளிம்பு நெளிந்து, பாய்மரத்தில் காற்றேறியது போல் விரிந்து வானம் முழுக்க ஓடும். அப்போது பச்சையும், விளிம்பில் இளஞ்சிவப்பும் வெறும் கண்ணுக்கே தெரியும். அந்த ஆட்டம் சில நிமிடங்களில் முடியலாம். வடக்கை மட்டும் பார்க்காமல் நான்கு திசையும் உச்சியும் பார்த்துக்கொண்டிருங்கள். குழுவில் ஒருவராவது படம் எடுக்காமல் வெறுமனே பார்ப்பவராக இருக்கட்டும். முடிந்ததென்று எண்ணிப் பெட்டியைக் கட்டாதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளியில் மறுபடி எழுவது அதன் இயல்பு.

மாற்று மின்கலங்களை நெஞ்சோடு ஒட்டிய உட்பையில் வையுங்கள்; குளிரில் அவை பாதி நேரத்திலேயே தீர்ந்துபோகும். அறைக்குத் திரும்பும்போது கேமராவை வெளியிலேயே நெகிழிப் பைக்குள் இட்டு வாயைக் கட்டி, உள்ளே இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் படிந்து கண்ணாடி உட்புறம் வியர்த்துவிடும். படம் உள்ள நினைவட்டையை மட்டும் வெளியிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், கேமரா காயும்வரை காத்திருக்காமல் அன்றிரவே படங்களைப் பார்க்கலாம்.